ஆட்சியைக் காப்பது எது: துப்பாக்கியா, தொலைக்காட்சியா?

மாறன்:
சர்வாதிகாரியின் முதல் பயம் சொந்தத் தளபதிகள்தான். அதனால் படையைக் கூறு போடுகிறார்கள். சதாம் உசேனின் ஈராக்கைப் பாருங்கள். வழக்கமான ராணுவம், அதற்கு எதிர்எடையாகக் குடியரசுக் காவல்படை, அதற்கும் மேல் சிறப்புக் குடியரசுக் காவல்படை. பாக்தாத் நகருக்குள் நிற்க அனுமதி இந்தக் கடைசிப் படைக்குத்தான். ஆட்களைப் பெரும்பாலும் சதாமின் சொந்த வட்டாரமான திக்ரித்திலிருந்து எடுத்தார்கள். 1979 முதல் ஆட்சியில் இருந்த சதாமை 2003இல் அந்நியப் படையெடுப்புதான் இறக்கியது. தேர்தல், பத்திரிகை எல்லாம் இதற்கு மேல் பூசுகிற சுண்ணாம்பு.

பொன்னி:
காவலுக்கு வைத்தவனே கதவைத் திறந்துவிட்டால்? சூடானில் அதிபர் அல் பஷீர் 2013இல் அதிவிரைவு ஆதரவுப் படையை உருவாக்கியது இதே கணக்கில்தான். 2019 ஏப்ரலில் அதன் தளபதி ஹெமெட்டி ராணுவத்தோடு சேர்ந்து அவரையே இறக்கினார். 2023 ஏப்ரலில் அந்த இரண்டு படைகளும் மோதிக்கொண்டதில் பலியானது பொதுமக்கள். நைஜரில் 2023 ஜூலையில் அதிபர் பசூமைச் சிறைபிடித்தது அவருடைய காவல்படையேதான். அடுத்த மாதம் காபோனிலும் அதே கதை.

மாறன்:
சூடானில் பிழை வேறு இடத்தில். 2017இல் ஜெபல் ஆமிர் தங்கச் சுரங்கங்கள் ஹெமெட்டி கைக்குப் போயின. சொந்த வருமானம் வந்துவிட்ட படை சம்பளத்துக்கு அதிபரை ஏன் எதிர்பார்க்கும்? படியளக்கும் கை ஒன்றாக இருக்க வேண்டும். அதை விட்டதுதான் பஷீரின் முடிவு.

அறிவொளி:
இருவரும் துப்பாக்கியிலேயே நிற்கிறீர்கள். பெருவில் அதிபர் ஃபுஜிமோரிக்காக (1990–2000) உளவுத்துறையை நடத்திய மான்டெசினோஸ், யாருக்கு எவ்வளவு லஞ்சம் என்று கணக்கே வைத்திருந்தார். நீதிபதிகளையும் எம்.பி.க்களையும் விடப் பல மடங்கு வாங்கியவர்கள் தொலைக்காட்சி முதலாளிகள். காரணம் இருக்கிறது. நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை கிடைத்தால் போதும், ஒருவர் முரண்டு பிடித்தால் இன்னொருவரை வாங்கலாம், விலை ஏறாது. சேனல்களில் ஒன்று தப்பினாலும் குட்டு வெளிப்பட்டுவிடும், அதனால் ஒவ்வொரு முதலாளியும் கேட்டதுதான் விலை. தப்பியது கேபிளில் மட்டும் வந்த ‘கானல் என்’ என்ற சேனல். எதிர்க்கட்சி எம்.பி. ஒருவருக்கு மான்டெசினோஸ் 15,000 டாலரை எண்ணிக் கொடுக்கும் காட்சி 2000 செப்டம்பர் 14 அன்று அதில் வெளியானது. நவம்பரில் ஃபுஜிமோரி ஜப்பானிலிருந்து ஃபேக்ஸில் ராஜினாமா அனுப்பினார்.

பொன்னி:
அருமையான உதாரணம். ஆனால் கூட இருப்பவர்களுக்கு எதிர்காலம் தெரிய வேண்டும், நான் அதைத்தான் முதலில் வைப்பேன். ஜிம்பாப்வேயில் அதிபர் முகாபேயிடம் படையும் இருந்தது, அரசுத் தொலைக்காட்சியும் இருந்தது. மனைவி கிரேஸுக்கு வழிவிட 2017 நவம்பர் 6 அன்று துணை அதிபர் மனங்காக்வாவை நீக்கினார். பதினைந்தே நாளில், 37 ஆண்டு ஆட்சி முடிந்தது. அடுத்தது தங்கள் தலைதான் என்று தளபதிகளுக்குப் புரிந்துவிட்டது. மெக்சிகோவில் பி.ஆர்.ஐ. கட்சி 71 ஆண்டு ஆண்டது. அங்கே அதிபருக்கு ஆறே ஆண்டு, மறுபடி நிற்க முடியாது. இன்று வாய்ப்பு இழந்தவர் பெரும்பாலும் அடுத்த முறைக்குக் காத்திருந்தார், கட்சியை உடைக்கப் போகவில்லை.

மாறன்:
முகாபே விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. மெக்சிகோவை மட்டும் தர மாட்டேன். ஆளுங்கட்சிக்குள் இருந்த ராணுவப் பிரிவை 1940இலேயே கலைத்துவிட்டார்கள். 1946க்குப் பிறகு அதிபரானவர்கள் எல்லோரும் சிவிலியன்கள். துப்பாக்கியை ஓரங்கட்டிய பிறகுதான் அந்த வரிசை ஒழுங்காக நகர்ந்தது.