ராஜம் வீட்டு மக்கள்: ஆரஞ்சுத் தோல் பேச்சு

மீனா: 📷 புகைப்படம்
மீனா: வண்டிக்காரரிடம் நாக்பூர் ஆரஞ்சு வாங்கினோம் அத்தை. தோல் மட்டுமே ஒரு தாம்பாளம் நிறைய இருக்கிறது. அனுவுக்குப் பள்ளியில் தோரணம் செய்துவரச் சொன்னார்களாம், இதில் நட்சத்திரம் வெட்டலாமா என்கிறாள். மிச்சத்தைக் குழம்புக்கு வைக்கலாமா?

ராஜம்: வைக்கலாமே. ஆனால் இரண்டையும் இப்போதே தனித்தனியாகப் பிரித்துவிடு. குழம்புக்கு உள்ளதில் உள்பக்க வெள்ளையைக் கரண்டியால் சுரண்டி எடு, கசப்பு குறையும். நக அகலத்துக்கு நறுக்கு. பெரிதாக விட்டால் ஓரம் முறுகிவிடும், நடுவில் ஈரம் நிற்கும்.

செல்வி: நட்சத்திரத்துக்கு வெள்ளையைச் சுரண்டாதே மீனா! அது இருந்தால்தான் துண்டு திடமாக நிற்கும். தோல் பச்சையாக இருக்கும்போதே வெட்டி, நூல் கோக்க ஓட்டையும் போட்டுவிடு. காய்ந்தபின் ஊசி குத்தினால் உடையும்.

செல்வி: அப்புறம் பழைய வேட்டித் துணி மடிப்புக்குள் பரப்பி, மேலே தோசைக்கல்லை வை. இல்லாவிட்டால் பொரித்த அப்பளம் போல் சுருண்டுவிடும். துணி ஈரமானால் மாற்று.

கார்த்தி: குழம்புத் தோலை மொட்டை மாடியில் போட்டுவிடவா அம்மா?

ராஜம்: மார்கழிப் பனி பார்த்துக்கொள். வெயில் ஏறினபிறகு போடு, நாலு மணிக்கே எடுத்துவிடு. பனியில் நனைந்தால் பூசணம்தான். ஈரம் இழுத்ததும் நிழலில் காற்றாடப் போடு. நாள் முழுக்கக் கடும் வெயிலில் கிடந்தால் வாசனை போய்விடும்.

சுந்தர்: துபாயில் ஆரஞ்சு பளபளவென்று மெழுகு பூசித்தான் வருகிறது. இந்தத் தோலையும் காய வைக்கலாமா?

கார்த்தி: வேண்டாம்டா. வெந்நீரில் தேய்த்தால் மெழுகு போகும். அழுகாமல் இருக்கப் பூசுகிற பூஞ்சை மருந்து முழுசாகப் போகாது. தோரணம் கட்டு, சமைக்காதே.

மீனா: காய்ந்த பதம் எப்படித் தெரியும் அத்தை?

ராஜம்: மடக்கினால் வளையக் கூடாது, டக்கென்று உடைய வேண்டும். சூடு ஆறினபிறகு பாட்டிலில் போடு. சூட்டோடு மூடினால் உள்ளே வியர்க்கும்.

ராஜம்: குழம்பு வைக்கும்போது எண்ணெயில் வறுக்காதே. காய்ந்த தோல் சட்டென்று கருகிக் கசக்கும். புளித்தண்ணீர் கொதிக்கையில் ஒரு பிடி போட்டு நன்றாக வேகவிடு. நல்லெண்ணெய் தாராளமாக, இறக்கும்போது வெல்லம்.

செல்வி: தூளாகிப் போனதை எனக்கு எடுத்துவை. பச்சைப்பயறு, பூலாங்கிழங்கோடு அரைத்துக் குளியல் பொடியில் சேர்ப்பேன்.

கார்த்தி: அனு மெழுகுவர்த்தி பக்கத்தில் பச்சைத் தோலை மடக்கிப் பிழிகிறாள். பொறிப் பொறியாகப் பறக்கிறது 😄

ராஜம்: தோலில் இருக்கும் எண்ணெய் பற்றிக்கொள்கிறது. முதலில் மெழுகுவர்த்தியை அணை!

சுந்தர்: மதினி, பொங்கலுக்கு வருவேன், எனக்கு ஒரு பாட்டில் எடுத்துவையுங்கள்.

மீனா: தோல் வைக்கிறேன். பாட்டிலை நீங்களே கொண்டு வாருங்கள், போன தடவை கொண்டுபோனதே இன்னும் திரும்பவில்லை.