மண்டபத்து உப்புக்காத்தில் நின்ற ஆர்எக்ஸ் 100: எங்கிருந்து தொடங்குவது?

மண்டபம்_98சிசி

வணக்கம். 1992 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100, ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் கடற்கரையிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் ஓட்டுச் சாய்ப்பில் 6 வருஷமாக நிற்கிறது. அதற்கு முன் பின் கேரியரில் மீன் பெட்டி கட்டி ஓடிய வண்டி. கிக்கர் இறங்குகிறது, கம்ப்ரஷன் காலில் தெரிகிறது, ஆனால் கிராங்க் பக்கம் லேசான கரகரப்பு. டேங்க் உள்ளே செந்துரு. பின் மட்கார்டு உட்பக்கம் செதில் செதிலாக உரிகிறது. ஸ்விங் ஆர்ம் போல்ட் அசையவே இல்லை. சைலன்ஸர் கம்பெனியோடு வந்தது, ஓட்டை இல்லை. ஆர்சி காலாவதி.

முதலில் பெயின்ட், குரோம் முடித்துவிட்டு அப்புறம் இன்ஜினைப் பார்க்கலாம் என்கிறார் மெக்கானிக். இந்த வரிசை சரியா? எல்லா இடத்திலும் எஸ்எஸ் (துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் போடலாமா? 1985இல் வந்து 1996இல் உற்பத்தி நின்றுபோன மாடல். திருகினால் கிளம்புகிற அந்தப் பழைய சத்தம் அப்படியே திரும்ப வர வேண்டும், அதுதான் ஆசை.

தொண்டி_டூஸ்ட்ரோக்

தம்பி, முதல் வேலை, இனிமேல் அந்தக் கிக்கரை உதைக்காதீங்க. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸுக்குள்ளே ஆயில் தேங்கி நிக்காது. பெட்ரோலோட சேர்ந்து எரியுற 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் படலம்தான் பேரிங்குக்குப் பாதுகாப்பு. வண்டி நின்னா அது வடிஞ்சிடும். உப்பு ஈரம் எக்ஸாஸ்ட் போர்ட் வழியாவும் கார்புரேட்டர் வழியாவும் உள்ளே போய், குண்டு உட்கார்ந்திருக்கிற இடத்திலேயே பேரிங் பாதையில் குழி போட்டுடும். நீங்க கேக்குற கரகரப்பு பெரும்பாலும் அதுதான். உதைக்க உதைக்க அந்தத் துருத்தூள் கனெக்டிங் ராடு அடிப் பேரிங்குக்குப் போகும்.

இன்ஜினை முழுசாப் பிரிச்சுடுங்க. பக்க மூடி ஸ்க்ரூக்களைச் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவரில் கழட்டாதீங்க. ஜப்பான் டிசைன் வண்டியில் இருக்கிறது ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) வெட்டு. தலையில் ஓரமா ஒரு சின்னப் புள்ளி இருந்தா அதுதான். சாதாரண பிட் அடிவரைக்கும் உட்காராம வழுக்கி, தலையை மொட்டை அடிச்சிடும். ஜேஐஎஸ் பிட் மாட்டின இம்பாக்ட் டிரைவரில் ஒரு தட்டு, ஒரு திருப்பு, வந்துடும்.

மெயின் பேரிங் ரெண்டும், கிராங்க் ஆயில் சீல் ரெண்டும் எப்படி இருந்தாலும் மாத்தியே ஆகணும். பேரிங்கில் சி3 (உள் இடைவெளி கூடுதல்) என்று பொறிச்சிருக்கணும். சாதாரண கிளியரன்ஸ் பேரிங் சூட்டில் இறுகிடும். ராடை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்க. அந்தத் திசையில் கொஞ்சம்கூட ஆட்டம் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் நகரலாம், அது தப்பில்லை.

சீல் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாச் சொல்லணும், ஏன்னா ஆசையாத் தயார் பண்ணின வண்டி ஜாம் ஆகுறது அதிகமும் இதனாலதான். மேக்னெட் பக்கச் சீல் காய்ஞ்சிருந்தா வெறும் காத்து உள்ளே போகும், பெட்ரோல் கலவை மெலியும், பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடிக்கும். ஐடிலிங் தானா ஏறுறதும், ஆக்ஸிலேட்டரை விட்டபிறகும் ஆர்பிஎம் இறங்கத் தாமதிக்கிறதும் அதுக்கு அடையாளம். கிளட்ச் பக்கச் சீல் போனா வேற கதை: கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சும், புகை ஓயாது, ஆயில் அளவு குறைஞ்சுக்கிட்டே போகும், வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது.

இன்ஜினைப் பூட்டினதும் பிரஷர் டெஸ்ட் கட்டாயம். பிபி பார்க்கிற பழைய கைப்பம்பும் மீட்டரும் போதும். எக்ஸாஸ்ட் வாயை ரப்பர் ஷீட்டும் தகடும் வச்சு அடைச்சு, கார்புரேட்டர் வாயில் டியூபைச் சொருகி, பிளக்கைப் போட்டு, மீட்டரில் 300 வரைக்கும் ஏத்துங்க. அது ஏறக்குறைய 6 பிஎஸ்ஐ. அதுக்கு மேலே ஏத்தினா நல்ல சீலே பிதுங்கிடும். ஒரு நிமிஷத்தில் 50க்கு மேலே இறங்கினா லீக். சோப்புத் தண்ணியைத் தடவினா குமிழி இடத்தைக் காட்டிக் கொடுக்கும். சிலிண்டர் அடி பேக்கிங், ரீட் வால்வு பேக்கிங், கார்புரேட்டர் ரப்பர் இந்த மூணையும் மறக்காதீங்க. ரப்பரில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கும், வளைச்சுப் பார்த்தாத்தான் வாய் திறக்கும்.

சத்தம் கேட்டீங்களே, அது அந்தச் சைலன்ஸர் வயித்துக்குள்ளே இருக்கிற கூம்புகளில் இருக்கு. ஒரிஜினலைத் தூக்கிப் போட்டுடாதீங்க. டூப்ளிகேட்டில் வெளி உருவம் ஒண்ணா இருக்கும், உள் அளவு இருக்காது. சத்தமும் மாறும், நடுத்தர ஆர்பிஎம்மில் இழுவையும் போகும். பின்னாலே இருக்கிற உள்குழாயை மட்டும் உருவி, 5 லிட்டர் தண்ணியில் அரை கிலோ காஸ்டிக் சோடா கரைச்சு ராத்திரி ஊறப்போடுங்க. தண்ணியில்தான் சோடாவைப் போடணும், சோடா மேலே தண்ணி ஊத்தக் கூடாது. கையுறை, கண்ணாடி இல்லாமத் தொடாதீங்க. அலுமினியம் எதுவும் அந்தத் தொட்டியில் விழவே கூடாது.

கீழக்கரை_காக்கா

தொண்டிக்காரர் சொன்ன வரிசைதான் சரி, இன்ஜின் முதலில். பெயின்ட் பற்றி நான் சொல்கிறேன். காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி) நிறுவனம் துருச் சோதனை நிலையத்தை மண்டபத்தில் வைத்திருக்கிறது என்பதை மனதில் வையுங்கள். இரும்பைத் தின்னும் காற்றைத் தேடித்தான் அங்கே வந்திருக்கிறார்கள். மதுரையில் பத்து வருஷம் தாங்கும் பெயின்ட் வேலை நம் கரையில் ஒரு ஆடிக் கச்சான் காற்றைத் தாண்டாமல் கொப்பளிப்பதற்குக் காரணம் பெயின்ட் அல்ல, அடியில் மாட்டிக்கொண்ட உப்பு. உப்பு ஈரத்தைப் படலத்தின் ஊடாக இழுக்கும், அப்புறம் உள்ளிருந்தே துரு தள்ளும்.

துரு, பழைய பெயின்ட் போக மணல் பீய்ச்சும் பிளாஸ்டிங் கொடுத்தால் என்ன மணல் என்று கேளுங்கள். கடல் மணல் என்றால் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஃபிரேமுக்கு அலுமினியம் ஆக்ஸைடு, கிராங்க் கேஸுக்குக் கண்ணாடி மணி. பிளாஸ்டிங் முடிந்ததும் கழுவ வேண்டும், போர்வெல் தண்ணீரில் கழுவவே கூடாது, அது பாதி கடல். குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் கழுவி, கடைசியாக டிஸ்டில்டு வாட்டரில் ஒரு அலசு. அலசிய நீரில் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டால், உப்பு மிச்சம் இருக்கிறபோது பால் போலக் கலங்கும். கலங்குவது நிற்கும் வரை கழுவுங்கள். பிறகு சூட்டுக்காற்றில் உலர்த்தி, 4 மணி நேரத்துக்குள் ஜிங்க் பாஸ்பேட் எபாக்ஸி பிரைமர். ராத்திரி வைத்துக் காலையில் அடிக்கலாம் என்றால் மறுபடி பிளாஸ்டிங்தான். மேலே 2கே பியூ (ஹார்டனர் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன்) பெயின்ட். பவுடர் கோட்டிங் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் கல் பட்ட இடத்தில் உப்பு அடியில் ஓடினால் தோல் போல உரியும், அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியாது. ஃபிரேமுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். குழாய்களின் உள்ளே கேவிட்டி வாக்ஸ் (துருத் தடுப்பு மெழுகு) அடியுங்கள்.

குரோம் பற்றி ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. துருவைத் தடுப்பது குரோம் அல்ல, அடியில் இருக்கும் நிக்கல். குரோம் ஒரு மைக்ரான்கூட இருக்காது, நுண்ணிய வெடிப்பு நிறைந்தது. நிக்கல் 25 முதல் 30 மைக்ரான் வேண்டும் என்று பேசிக்கொண்டு கொடுங்கள், அளந்து காட்டச் சொல்லுங்கள். உங்கள் பின் மட்கார்டு மீன் தண்ணீர் குடித்தது. உரிந்ததைச் சுரண்டினால் தகடு மெலிந்திருக்கும், பாலிஷ் பிடித்தாலே ஓட்டையாகிவிடும். வேறு நல்ல மட்கார்டு தேடுவதே மேல். உட்பக்கத்தில் முலாம் ஏறாது, அங்கே எபாக்ஸி.

டேங்குக்குச் சிலர் கக்கூஸ் ஆசிட் ஊற்றுவார்கள். வேண்டாம், அதிலும் குளோரைடுதான், மடிப்பில் தங்கி ஒரு மாதத்தில் திரும்பத் துரு. பெட்ரோல் டேப்பைக் கழற்றி அந்த வாயை அடைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் லிட்டருக்கு 100 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து கழுத்துவரை நிரப்புங்கள். சுமார் 10 லிட்டர் பிடிக்கும் டேங்க், ஒரு கிலோ போதும். ஒரு ராத்திரி கழித்துக் கொட்டி, சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, உடனே உலர்த்தி, பெட்ரோலில் 2டி ஆயில் கலந்து உள்ளே சுழற்றுங்கள். அரை மணி நேரம் தாமதித்தாலும் மஞ்சள் பூத்துவிடும்.

எஸ்எஸ் போல்ட்: பளிச்சென்று இருக்கும், ஆனால் அலுமினியத்தில் உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியம் வெள்ளைப் பொடியாகிவிடும். மரை அதிலேயே இறுகிவிடும். போட்டே ஆக வேண்டும் என்றால் மரையில் நிக்கல் ஆன்டிசீஸ் (இறுகாமல் தடுக்கும் பசை) தடவுங்கள், செம்பு கலந்தது வேண்டாம். எம்6 போல்ட்டை ஒரு கிலோகிராம்-மீட்டர் டார்க்குக்கு (முறுக்கு விசைக்கு) மேல் முறுக்க வேண்டாம். இரும்போடு இரும்பு சேரும் இடத்தில் தாராளமாகப் போடலாம்.

பரமக்குடி_லேத்

சிலிண்டர் போர் (உள்விட்டம்) ஸ்டாண்டர்டு 50 மிமீ. ஓவர்சைஸ் கால், அரை, முக்கால், ஒண்ணு மிமீ. பிஸ்டனை முதலில் வாங்கிக் கையில் கொடுங்க, அதை அளந்துதான் போர் வெட்டணும். பிஸ்டன் கிளியரன்ஸ் ஒன்றரை தவ் (தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). வெட்டினபிறகு போர்ட் விளிம்பெல்லாம் மழுக்கணும், இல்லேன்னா ரிங் போர்ட்டில் கொக்கி மாட்டி உடையும். ஹோனிங் தூளை பெட்ரோலில் துடைச்சாப் போகாது, சுடுதண்ணி, சோப்பு, பிரஷ். வெள்ளைத் துணியில் கறை வர்றது நிக்கிற வரைக்கும். பிஸ்டன் தலையில் இருக்கிற அம்பு எக்ஸாஸ்ட் பக்கம்.

ராம்நாடு_பேப்பர்

பெயின்ட் கொடுக்கும் முன் ஆர்சி வேலை. சேசிஸ் நம்பர் ஹெட் பைப்பில் இருக்கிறது. பிளாஸ்டிங்கிலும் தடித்த பிரைமரிலும் அது மங்கினால் ஆர்டிஓ அலுவலகத்தில் பென்சில் தேய்ப்பு எடுக்க முடியாது, வண்டி திரும்பி வரும். முன்னாலேயே போட்டோவும் தேய்ப்பும் எடுத்து வைத்து, அந்த இடத்தில் டேப் ஒட்டிக் கொடுங்கள். புதுப்பிப்புக்கு படிவம் 25. நிறத்தை மாற்றினால் ஆர்சியிலும் மாற்ற வேண்டும், ஆர்சியில் உள்ள நிறத்தையே அடித்தால் அந்த அலைச்சல் இல்லை. 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதி 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்குத்தான். இதற்குப் பொருந்தாது, யாராவது அதைச் சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மண்டபம்_98சிசி

எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். ஸ்விங் ஆர்ம் போல்ட்டை எப்படி எடுப்பது? ஆயிலைத் தானாக ஊற்றும் ஆட்டோலூப் பம்ப் வைத்துக்கொள்ளலாமா, பெட்ரோலிலேயே ஆயில் கலந்துவிடலாமா?

தொண்டி_டூஸ்ட்ரோக்

போல்ட்டை சுத்தியலால் அடிச்சா தலை காளான் மாதிரி விரியும், அப்புறம் அறுக்க வேண்டியதுதான். அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சரிபாதி கலந்து ரெண்டு பக்கமும் மூணு நாள் விட்டுக்கிட்டே இருங்க. நட்டைப் பாதி திருகி வச்சு, முதலில் இழுக்காம சுத்த வைக்கப் பாருங்க. ஒரு இம்மி சுத்திட்டா வந்த மாதிரிதான். அசிட்டோன் காய்ஞ்சு போற வரைக்கும் நெருப்புப் பக்கம் கொண்டு போகாதீங்க. திரும்பப் போடும்போது மரைன் கிரீஸ்.

ஆட்டோலூப்பை வச்சுக்கங்க தம்பி, அது இந்த வண்டியோட உயிர். ஆக்ஸிலேட்டருக்குத் தக்கபடி ஆயில் ஊத்துற மாதிரி கலவையால் ஊத்த முடியாது. ஆனா கேபிள் குறி பொருந்துதான்னு பாருங்க, பம்பில் இருக்கிற காத்து வெளியேறும் ஸ்க்ரூவைத் திறந்து குமிழி நிக்கிற வரைக்கும் ஆயில் ஓட விடுங்க. முதல் டேங்க் பெட்ரோலில் மட்டும் லிட்டருக்கு 30 மில்லி கூடுதலாக் கலந்துடுங்க, பம்ப் வேலை செய்யலேன்னாலும் இன்ஜின் பிழைக்கும். ஜாஸோ (ஜப்பான் ஆயில் தரம்) எஃப்சி அல்லது எஃப்டி ஆயில்.

இப்போ வர்றது 20 சதவீத எத்தனால் பெட்ரோல், கலவை கொஞ்சம் மெலியும். மெயின் ஜெட் ஒரு அளவு பெருசு போட்டு, பிளக் நிறத்தைப் பார்த்துத் தீர்மானிங்க. காபிப்பொடி நிறம் சரி, வெள்ளைன்னா உடனே நிறுத்துங்க. எத்தனால் நம்ம ஈரக்காத்தில் தண்ணியை இழுத்து டேங்க் அடியில் பிரிஞ்சு நிக்கும், அதனால மூணு வாரத்துக்கு மேலே நிறுத்தினா கார்புரேட்டர் கிண்ணத்தை வடிச்சிடுங்க.

முதல் 500 கிலோமீட்டர் 50 வேகத்துக்குள்ளே. அதுவரைக்கும் பாம்பன் பாலம் ஏறுறதா இருந்தா காலையில் காத்து இல்லாத நேரத்தில் ஏறுங்க. எதிர்காத்தில் முழு ஆக்ஸிலேட்டரில் இழுத்துட்டு, இறக்கத்தில் சட்டுனு ஆக்ஸிலேட்டரை மூடினா பெட்ரோலும் நிக்கும், ஆயிலும் குறையும், இன்ஜின் மட்டும் வேகமாச் சுத்தும். பிஸ்டன் பிடிக்கிறது அங்கேதான். இறக்கத்தில் நடுநடுவே லேசாத் திருகிக் கொடுத்துக்கிட்டே வாங்க.

கீழக்கரை_காக்கா

ஒன்று விட்டுப்போச்சு. பெயின்ட் முடிந்து ஒயரிங் பூட்டும்போது ஃபிரேமில் எர்த் போல்ட் உட்காரும் இடத்தைச் சுரண்டி இரும்பு தெரிய வையுங்கள், பூட்டியபின் மேலே வாசலின் தடவுங்கள். தனுஷ்கோடிப் பக்கம் போய்வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சை மண்ணெண்ணெயில் அலசி, 2டி ஆயிலில் நனைத்துப் பிழிந்து போடுங்கள். அந்த ரோட்டில் பறக்கிற மணல் போருக்குள் போனால் பரமக்குடிக்காரரிடம் மறுபடி போக வேண்டி வரும்.