24 வோல்ட் லாரியில் டச் ஸ்கிரீன் ஸ்டீரியோ: வயரிங் தெரிந்த அண்ணாச்சிமார் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணாச்சிமாரே. ஊர் வள்ளியூர் பக்கம். தூத்துக்குடி துறைமுகத்துக்கு லோடு அடிக்கிற சொந்த லாரி. பழைய ரேடியோவை எடுத்துவிட்டு 7 இன்ச் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவை நானே மாட்டப் பார்க்கிறேன். வயரிங் வேலைக்கு நான் புதுசு.

பெரிய சிக்கல் கரண்ட்தான். செட் 12 வோல்ட், வண்டி 24. இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 எடுத்துக்கொள் என்கிறார்கள். அப்படி எடுத்தால் ஒன்று இறங்கும், மற்றது ஓவர் சார்ஜ் ஆகும். கடைசியில் இரண்டுக்கும் கேடு. அதனால் 24-ஐ 12 ஆக்கித் தரும் கன்வெர்ட்டர்தான். செட்டின் பின்னால் 10 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறது. கன்வெர்ட்டர் 10 ஆம்பியர் போதுமா, 15 போடட்டுமா?

மஞ்சள் வயருக்கு எப்போதும் கரண்ட் வேண்டும், சிவப்புக்குச் சாவி போட்டால் வர வேண்டும், கறுப்பு எர்த். இதுவரை சரி. ஆனால் சாவியிலிருந்து வருவதும் 24 ஆச்சே, சிவப்பில் நேராகக் கொடுத்தால் செட் புகைந்துவிடும். நடுவில் 24 வோல்ட் ரிலே (சாவி கரண்டில் இயங்கும் சுவிட்ச்) வைத்து, கன்வெர்ட்டரின் 12-ஐ சிவப்புக்கு விடலாமா? மஞ்சளுக்காக கன்வெர்ட்டர் எந்நேரமும் ஓடினால், லோடு இல்லாமல் வண்டி நிற்கும் நாளில் பேட்டரி இறங்காதா?

அப்புறம், பழைய ரேடியோ ஓட்டை 5 செ.மீ. உயரம், இதற்கு 10 வேண்டும். டேஷ்போர்டை எதை வைத்து அறுத்தீர்கள்? இடைவெளி விடாமல் அடைக்கவும் வழி சொல்லுங்கள். ஆடிக் காற்றில் பணகுடி தாண்டினால் கேபினுக்குள் மண்தான்.

நல்ல கன்வெர்ட்டர் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் கிடைக்குமா? மாட்டியவர்கள் வயரிங் போட்டோ இருந்தால் போடுங்கள்.