படித்த கல்லூரிக்கே கோச்சாக வந்தவர்: கூட ஆடியவர்கள், பழகியவர்கள் சொல்லுங்கள்

தொடங்கியவர் (பழைய அணி, 2004–07)

வணக்கம். சேலத்தில் நான் படித்த கல்லூரியின் கூடைப்பந்து அணிக்கு இந்த வருடம் தலைமைப் பயிற்சியாளராக வந்திருப்பவர் எனக்கு ஒரு வருடம் சீனியர். அன்றைக்கு எங்கள் கேப்டன். பெயர் போட வேண்டாம் என்றார், அதனால் அண்ணா என்றே எழுதுகிறேன். உடற்கல்வியில் எம்.பி.எட். முடித்து, பாட்டியாலாவில் என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) தரும் பயிற்சியாளர் டிப்ளமோவும் படித்து, மலையில் ஒரு பள்ளியில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு இங்கே திரும்பியிருக்கிறார்.

சேர்ந்த முதல் வாரமே போன். "ஞாயித்துக்கிழமை காலைல கோர்ட்ல கோடு போடணும், வர்றியா?" ஆறு பேர் போனோம்.

எங்கள் காலத்தில் ரிங்குக்குக் கீழே இருக்கும் கட்டம் ரிங் பக்கம் அகலமாகவும், ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கம் குறுகலாகவும் இருக்கும். மூன்று பாயிண்ட் கோடு, அதாவது அதற்கு வெளியே நின்று போட்டால்தான் மூன்று பாயிண்ட் என்கிற கோடு, ரிங்கிலிருந்து 6.25 மீட்டர். 2010ல் விதி மாறி, கட்டம் செவ்வகமானது, கோடு 6.75க்குத் தள்ளிப் போனது. எங்கள் கோர்ட்டில் பழைய கோட்டை அழிக்காமல் பக்கத்திலேயே புதுக் கோட்டை அடித்து வைத்திருந்தார்கள். இரண்டும் வெளுத்துப்போய், எந்தக் கோட்டில் நிற்கிறோம் என்றே பையன்களுக்குத் தெரியாத நிலை.

அண்ணா கம்பி பிரஷ் கொண்டு வந்திருந்தார். மதியம் வரை சுரண்டல்தான். அப்புறம் ரிங்கின் நடுவிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, அது தரையைத் தொட்ட இடத்தில் ஒரு பையன் கயிற்றை மிதித்துக்கொண்டு நிற்க, 6.75 மீட்டரில் மறுமுனையைப் பிடித்து சாக்பீஸோடு குனிந்தபடியே வளைந்து வந்தார். இரண்டு ஓரத்திலும் வளைவு நின்று நேர்கோடாகும் இடத்தை, பக்கக் கோட்டிலிருந்து 90 சென்டிமீட்டர் அளந்து மூன்று முறை சரிபார்த்தார். பெயிண்ட் காய்வதற்குள் சாயங்காலமாகிவிட்டது.

மறுநாள் பயிற்சியில் அவரே மூன்று பாயிண்ட் அடித்துக் காட்டினார். பந்து உள்ளே விழுந்தது. ஆனால் கால் கோட்டுக்கு உள்ளே. எந்த இடத்தில் நின்று மூன்று வருடம் அடித்தாரோ, கால் தானாக அங்கேயே போய் நின்றிருக்கிறது. அந்த இடத்தில் இப்போது கோடே இல்லை. "என் காலுக்குப் பழைய கோர்ட்தான்டா தெரியும். நான் உள்ளே மிதிச்சா கத்துங்க" என்றார். அன்று முழுக்கப் பையன்கள் "கோடு சார், கோடு!" என்று கத்திக்கொண்டே இருந்தார்கள். கோச்சைத் திருத்தலாம் என்று ஒரு கோச்சே சொல்லி நான் கேட்டது அன்றுதான். எங்களுக்குக் கிடைக்காத ஒன்று இந்தப் பையன்களுக்குக் கிடைக்கிறது என்று தோன்றியது.

அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

ஏற்காட்டிலிருந்து, அவருடைய பள்ளி மாணவன்

நான் எட்டாவது படிக்கும்போது அவர் எங்கள் பள்ளிக்கு வந்தார். மலையில் பாதி நாள் பனிமூட்டம். கோர்ட் ஈரமாகிவிடும், பந்தும் கையில் நிற்காது. மற்றவர்கள் என்றால் கிளாஸுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். சார் எங்களைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, பந்தே இல்லாமல் கால் மட்டும் பழக்குவார். நிற்பது, ஒரு காலை ஊன்றி மறு காலால் திரும்புவது, முட்டியை மடக்கிப் பக்கவாட்டில் நகர்வது. ஒரு மழை சீசன் முழுக்க பந்தைத் தொட்டது ரொம்பக் குறைவு. எங்களுக்கு அழுகை வராத குறை.

அப்புறம் சேலத்துக்கு ஒரு போட்டிக்கு இறங்கினோம். 20 கொண்டை ஊசி வளைவு. பாதிப் பேர் வாந்தி எடுத்து, அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி எலுமிச்சை வாங்கிக் கொடுத்தார். ஆட்டத்தில் கீழேயிருக்கிற பையன்கள் எங்களைவிட உயரம், வேகம். ஆனால் பந்தோடு நிற்கத் தெரியாமல் அவர்கள் டிராவல் மேல் டிராவல் செய்தார்கள் (பந்தைத் தட்டாமல் கையில் வைத்துக்கொண்டே கூடுதல் அடி வைக்கும் தவறு). எங்களில் ஒருவனுக்குக்கூட அந்த விசில் ஊதவில்லை. தோற்றோம்தான், நான்கு பாயிண்டில். திரும்பும்போது அவர் அந்த விசில் கணக்கைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார், ஸ்கோரைப் பற்றிப் பேசவே இல்லை.

அவர் கல்லூரிக்குப் போகிறார் என்று தெரிந்த அன்று நாங்கள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து, ஒரு வீரனின் அண்ணன்

எங்களுடையது கொலுசுப் பட்டறை. தம்பி காலேஜ் விட்டு வந்ததும் பட்டறையில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் ஆர்டர் நிற்கும். நாலரை மணிப் பயிற்சிக்குப் போக முடியாமல் அணியை விட்டு நின்றுவிட்டான். ஒரு நாள் சாயங்காலம் இந்த சார் பட்டறைக்கே வந்தார். அறிவுரை சொல்லப்போகிறார் என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்து, தம்பி கண்ணி கோப்பதைக் கால் மணி நேரம் பார்த்தார். "இவ்வளவு நுணுக்கமான கை, பந்தை ஏன் இறுக்கிப் பிடிக்குதுன்னு தெரியலீங்க" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கிளம்பும்போதுதான் கேட்டார்: "காலைல ஆறு மணின்னா அனுப்புவீங்களா?" அந்த வாரமே முழு அணிக்கும் பயிற்சி காலை ஆறுக்கு மாறியது. இவனை மாதிரி சாயங்காலம் வேலைக்குப் போகிற பையன்கள் இன்னும் மூன்று பேர் அணியில் இருந்தார்களாம். அவரும் படிக்கும்போது மாலையில் ஒரு கடையில் நின்றவர், தாமதமாக வந்ததற்காக வெளியே நிற்க வைக்கப்பட்டவர் என்று தம்பி பிறகு சொன்னான்.

இப்போதைய அணி, இரண்டாம் ஆண்டு

நான் பாயிண்ட் கார்டு, பந்தை முன்னால் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவன். ஒன்று மட்டும் சொல்கிறேன். வேப்பமரத்துப் பக்க மூலையில் எங்கள் கோர்ட்டில் ஒரு பள்ளம். அங்கே பந்து எழும்பாது. வெளி அணி வந்தால் அவர்களை அந்த மூலைக்கு ஓட்டிப் பந்தைப் பறிப்பது பரம்பரையாக வருகிற தந்திரம். அதைக் கண்டுபிடித்தவர்களில் சாரும் ஒருவர் என்று சீனியர்கள் சொல்வார்கள். அவர் வந்ததும் கொத்தனாரைக் கூப்பிட்டு அதை அடைத்துவிட்டார். எங்களுக்கு வருத்தம், கேட்டேவிட்டோம். "மகாத்மா காந்தி ஸ்டேடியத்துல போய் ஆடுறப்போ பள்ளத்தையும் தூக்கிட்டுப் போவியா கண்ணு?" என்றார். இப்போது அதே மூலையில் இரண்டு பேர் சேர்ந்து மடக்குவதைத் தினமும் இருபது நிமிடம் பழக்குகிறார்.

தொடங்கியவர்

தம்பி, அந்தப் பள்ளத்தில் முதலில் தடுக்கி விழுந்தது நான்தான். அடைத்தது எனக்கும் தெரியாது. படித்ததும் மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது, ஆனால் அவர் செய்தது சரி.

இன்னொரு விஷயம். நாங்கள் பழைய ஆட்கள் போனால் அண்ணா என்கிறோம், பையன்கள் சார் என்கிறார்கள். போன வாரம் எங்கள் அன்றைய கோச் வந்திருந்தார். 20 நிமிடம் வீதம் இரண்டு பாதியாக ஆட்டம் நடந்த காலத்தில் ஆடியவர். முட்டி தேய்ந்து, கைத்தடியோடு மெதுவாக நடந்து வந்தார். அண்ணா பயிற்சியை நிறுத்திவிட்டு ஓடிப்போய், "சார், உட்காருங்க சார்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பையன்கள் எல்லாரும் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. பெரியவர் உட்காரவில்லை. கைத்தடியை நீட்டிப் புதுக் கோட்டைத் தொட்டு, "எத்தனை மீட்டர்?" என்று கேட்டார். "6.75 சார்." "ரொம்ப தூரம்டா" என்றார். அப்புறம் பந்தைக் கேட்டு வாங்கினார்.