மேடு ஏறி நடப்பதால் கால் நரம்பு சுருளுமா?

கேள்வி (கோத்தகிரி):
என் அம்மா தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் பல ஆண்டுகளாக நின்றபடியே தூள் சலிக்கும் வேலை பார்க்கிறார். இடது கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாகப் புடைத்து நெளிந்திருக்கின்றன. மாலையில் கணுக்கால் வீங்கிவிடுகிறது. மலையில் ஏறி இறங்குவதாலும் குளிராலும் வந்தது என்று உறவினர்கள் சொல்வதால், வீட்டுக்கு நடந்து ஏறுவதை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார். உண்மையான காரணம் என்ன?

பதில் (குன்னூர், ஓய்வுபெற்ற செவிலியர்):
நடப்பதை நிறுத்த வேண்டாம். நீங்கள் நரம்பு என்று சொல்வது உண்மையில் சிரை என்னும் இரத்தக் குழாயைத்தான். இரத்தத்தைக் காலிலிருந்து இதயத்துக்கு ஏற்றிச் செல்லும் சிரைகளுக்குள், அது கீழே வழியாமல் தடுக்கும் சிறு வால்வுகள் உண்டு. சிரைச் சுவர் தளர்ந்து விரிந்து, வால்வின் இதழ்கள் ஒன்றோடொன்று சேராமல் போகும்போது இரத்தம் பின்னோக்கி வழிந்து தேங்குகிறது, தோலடிச் சிரைகள் புடைக்கின்றன. அசையாமல் நிற்கையில் கணுக்காலருகே சிரையின் அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரச அளவு இருக்கும். வால்வுகள் நன்றாக உள்ள காலில், நடக்கத் தொடங்கியதும் கெண்டைத் தசை சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுவதால் அது 30 அளவுக்கு இறங்கிவிடும். எனவே நான் சந்தேகப்படுவது சலிப்பு இயந்திரத்தின் முன் மணிக்கணக்கில் நிற்பதைத்தான். குளிர் மீது பழி போடவும் முடியாது. குளிரில் இச்சிரைகள் சுருங்கும், வெப்பத்தில்தான் விரியும். (வீக்கத்துக்கு வெந்நீரில் காலை ஊறவைக்கும் நம் ஊர் வழக்கம் இதற்கு உதவாது.) பரம்பரை, பிரசவங்கள், உடல் எடை, வயது, முன்பு ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருப்பது ஆகியவையும் காரணங்களே.

பதில் (கூடலூர்):
என் அத்தைக்கும் இதே தொல்லை. வேலைக்கு நடுவே குதிகாலை உயர்த்தித் தாழ்த்துவதும், இரவில் காலைத் தலையணைமேல் வைப்பதும் கனத்தைக் குறைத்தன. இறுக்கமான காலுறையைக் கடையில் தாமாக வாங்கிவிடாதீர்கள். பாதத்துக்குச் செல்லும் தமனியில் அடைப்பு இருந்தால் அது கெடுதல் செய்யும் என்று மருத்துவர் முதலில் நாடித்துடிப்பைப் பார்த்த பிறகே எழுதிக் கொடுத்தார்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கணுக்காலின் உட்புறத்தில் தோல் கறுத்து அரிக்கவும் செய்கிறது. இதுவும் அதைச் சேர்ந்ததா?

பதில் (குன்னூர், ஓய்வுபெற்ற செவிலியர்):
பெரும்பாலும் ஆம், இனித் தள்ளிப்போடாதீர்கள், ஏனெனில் அந்த இடத்தில்தான் ஆறாத புண் வரும். டாப்ளர் ஸ்கேனில் எந்த வால்வு பழுதென்று தெரிந்துவிடும்; தேவைப்பட்டால் லேசர் அல்லது ரேடியோ அலைவெப்பத்தால் அச்சிரையை மூடிவிடுவார்கள், இரத்தம் மற்ற சிரைகள் வழியே போகும். இதற்கிடையே சொறிந்து இரத்தம் பீறிட்டால், உடனே படுக்கவைத்துக் காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.