வார்டிலிருந்து சிடிஐக்கு: நர்ஸ் எதைப் படிக்க வேண்டும், எதை மறக்க வேண்டும்?

இரவுப்பணி கேட்டது:

அமெரிக்காவில் ஆர்.என். (பதிவுபெற்ற நர்ஸ்), மெட்-சர்ஜில் (பொது மருத்துவ, அறுவை சிகிச்சை வார்டில்) 5 வருடம், ஐசியூவில் 3 வருடம். இனி சிடிஐ, அதாவது மருத்துவப் பதிவுகளைச் சீர்படுத்தும் பிரிவுக்கு மாறலாம் என்று பார்க்கிறேன். விளம்பரம் எல்லாவற்றிலும் "சிடிஐ அனுபவம் 2 வருடம்" என்று கேட்கிறார்கள். கோடிங், அதாவது நோய்களைக் குறியீடுகளாக மாற்றுவதை, முழுதாகப் படிக்க வேண்டுமா? தினசரி வேலை என்ன? புதிதாக வரும் நர்ஸ்கள் எங்கே சறுக்குகிறார்கள்? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

சார்ட்வாசகர்:

சிஸ்டர், கோட் போடுவது கோடரின் வேலை. உங்களுக்குக் கோடிங் விதிகள் தெரிந்தால் போதும், ஆனால் அவை நன்றாகத் தெரிய வேண்டும். நோயாளி வார்டில் இருக்கும்போதே சார்ட்டைப் படித்து, கொடுத்த சிகிச்சையும் டாக்டர் எழுதிய நோயின் பெயரும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பீர்கள். பொருந்தாத இடத்தில் டாக்டருக்கு எழுத்தில் ஒரு கேள்வி போகும். அதைத்தான் குவெரி என்கிறோம்.

முதலில் பிடிபட வேண்டியது பிரின்சிபல் டயக்னோசிஸ். எல்லாப் பரிசோதனையும் முடிந்த பிறகு, இந்த அட்மிஷனுக்கு முக்கியக் காரணம் இதுதான் என்று தெளிவான நோய் அது. ஈடியில் (அவசரப் பிரிவில்) நோயாளி சொன்ன புகாரை அந்த இடத்தில் வைத்துவிடாதீர்கள். அடுத்தது செகண்டரி டயக்னோசிஸ். ஒரு நோய் சார்ட்டில் எங்கோ எழுதப்பட்டிருப்பதால் மட்டும் கணக்கில் வராது. அதை மதிப்பிட்டிருக்க வேண்டும், அல்லது சிகிச்சை தந்திருக்க வேண்டும், அல்லது அதற்காகப் பரிசோதனை செய்திருக்க வேண்டும், அல்லது அதனால் தங்கும் நாள் கூடியிருக்க வேண்டும், அல்லது நர்சிங் கவனிப்போ கண்காணிப்போ கூடியிருக்க வேண்டும். ஐந்தில் ஒன்று போதும்.

அரசின் முதியோர் காப்பீடான மெடிகேர் 2007 அக்டோபர் 1 முதல் எம்எஸ்-டிஆர்ஜி முறையில், அதாவது ஒத்த நோயாளிகளைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கேற்பப் பணம் தருகிறது. பல டிஆர்ஜிகள் மூன்று படிகளாக இருக்கும்: துணைநோய் கணக்கில் வராதது, சிசி (கணக்கில் வரும் துணைநோய் அல்லது சிக்கல்) உள்ளது, எம்சிசி (அதிலும் பெரியது) உள்ளது. நிமோனியாவுக்கு அவை 195, 194, 193. உயர் ரத்த அழுத்தம் இல்லாத, வேறு துணைநோயும் இல்லாத ஒருவர் நிமோனியாவுக்கு அட்மிட் ஆகிறார். இதயச் செயலிழப்பும் இருக்கிறது. டாக்டர் வெறுமனே "சிஹெச்எஃப்" என்று எழுதினால் 195. "க்ரானிக் சிஸ்டாலிக்" (நாள்பட்டது) என்றால் 194. "அக்யூட் ஆன் க்ரானிக் சிஸ்டாலிக்" (நாள்பட்டது இப்போது திடீரெனத் தீவிரமானது) என்றால் 193. எக்கோவில் ஈஎஃப் (இதயம் ஒரு துடிப்பில் வெளித்தள்ளும் ரத்தத்தின் விகிதம்) 30 சதவீதம், எக்ஸ்ரேயில் நெரிசல், கால் வீக்கம் கூடியிருக்கிறது, ஃபியூரோசமைடு 40 மி.கி. ஊசியாக இரண்டு வேளை போகிறது. நோட்டிலோ வெறும் "சிஹெச்எஃப்". இந்த இடைவெளியைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. உயர் ரத்த அழுத்தமும் இருந்தால் கோடிங் விதி இரண்டையும் தானாகவே இணைத்துவிடும், கணக்கும் மாறும். இதய நோயாளிகளில் பெரும்பாலோருக்குப் பிரஷர் இருக்கும் என்பதால் இந்த விதியை முதல் வாரமே படித்துவிடுங்கள்.

நர்ஸுக்குக் கடினமான இடம் வேறு. பேஷண்டைப் பார்த்தால் செப்சிஸ் (தொற்றால் உடல் முழுதும் பாதிக்கப்படும் நிலை) என்று உங்களுக்குத் தெரியும். டாக்டர் "யூரோசெப்சிஸ்" என்று எழுதியிருக்கிறார். அந்தச் சொல்லுக்கு நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10-இல் கோடே கிடையாது. செப்சிஸ் என்று நீங்களாக எடுத்துக்கொள்ளவும் முடியாது, வெறும் சிறுநீர்த் தொற்று என்று விடவும் முடியாது. கேட்டுத்தான் ஆக வேண்டும். நர்சிங் நோட்டில் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது நோய்க்கான ஆதாரமாகாது, குவெரிக்கான சான்று மட்டுமே. விதிவிலக்குகள் சில உண்டு. படுக்கைப்புண்ணின் ஸ்டேஜ், பிஎம்ஐ போன்றவற்றை நர்ஸ் எழுதியதிலிருந்தும் எடுக்கலாம். ஆனால் படுக்கைப்புண் இருக்கிறது என்பதை டாக்டர் எழுதியிருக்க வேண்டும்.

அந்தப் புண் விஷயத்தில் வார்டு அனுபவம் தங்கம். ஸ்டேஜ் 3, 4 புண்கள் வரும்போதே இருந்தனவா என்பது பிஓஏ குறியீட்டில் போகும். அட்மிஷன் அன்று தோலைப் பார்த்து எழுதாமல் விட்டு, நான்காம் நாள் "ஸ்டேஜ் 3" என்று எழுதினால், மருத்துவமனையில் வந்த புண்ணாகவே கணக்காகிவிடும் ஆபத்து உண்டு. ஃப்ளோஷீட்டில் எந்த வரியைத் தேட வேண்டும் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

கோடர்_தென்றல்:

மேலே சொன்னது சரி. நான் குவெரி எழுதுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். புதியவர்கள் அதிகம் தவறுவது அங்கேதான்.

தவறான குவெரி: "டாக்டர், இந்த நோயாளிக்கு அக்யூட் ரெஸ்பிரேட்டரி ஃபெயிலியர் என்று எழுத முடியுமா?" பதிலை நீங்களே வாயில் ஊட்டுகிறீர்கள். ஆடிட்டில் இது நிற்காது. தலைப்பில் நோயின் பெயர் போட்டாலும் அதே கதைதான்.

சரியானது இப்படிப் போகும்: "ஈடி நோட்டில் 'மூச்சுத்திணறல், ஹைபாக்சியா' என்று உள்ளது. வந்தபோது ரூம் ஏரில் சாச்சுரேஷன் 86 சதவீதம், சுவாசம் நிமிடத்துக்கு 30, துணைத் தசைகளைப் பயன்படுத்தினார். ஏபிஜியில் பிஓ2 54. பைபேப் தொடங்கப்பட்டது. உங்கள் மருத்துவக் கணிப்பின்படி சுவாச நிலையைத் தெளிவுபடுத்தவும்." அதன் கீழே தேர்வுகள்: அக்யூட் ஹைபாக்சிக் ரெஸ்பிரேட்டரி ஃபெயிலியர், ரெஸ்பிரேட்டரி ஃபெயிலியர் இல்லாத ஹைபாக்சியா, வேறு (குறிப்பிடவும்), தீர்மானிக்க இயலவில்லை. தேர்வுகள் எல்லாமே அந்த நோயாளிக்குப் பொருந்தக்கூடியவையாக இருக்க வேண்டும். எண்ணிக்கைக்காக ஒப்புக்கு ஒன்றைச் சேர்க்கக் கூடாது.

பணம், டிஆர்ஜி, தர மதிப்பெண் பற்றி ஒரு சொல்கூட வரக்கூடாது. ஆம்-இல்லை வடிவக் குவெரியில் புதிய நோயைக் கேட்கக் கூடாது. ஏற்கெனவே எழுதிய நோய் பிஓஏவா என்பது போன்றவற்றுக்கு அது சரி. சிடிஐ பணியாளர்களின் சங்கமான ஏசிடிஐஎஸ், மருத்துவத் தகவல் மேலாண்மைச் சங்கமான அஹிமா இரண்டும் சேர்ந்து வெளியிட்ட குவெரி வழிகாட்டி 2022-இல் புதுப்பிக்கப்பட்டது. அதை வரிவரியாகப் படியுங்கள்.

இன்னொரு பிழை: ஒற்றை லேப் எண்ணைப் பார்த்ததும் ஓடுவது. கிரியேட்டினின் 2.0 என்றதும் ஏகேஐ (திடீர் சிறுநீரகப் பாதிப்பு) குவெரி எழுதிவிடுவார்கள். பழைய சார்ட்டைத் திறந்தால் அவருக்கு வழக்கமாகவே 1.8 இருக்கும். கேடிஐஜிஓ என்ற சிறுநீரக வழிகாட்டியின் அளவுகோல்படி 48 மணி நேரத்துக்குள் 0.3 கூட வேண்டும், அல்லது 7 நாளுக்குள் வழக்கமான அளவின் 1.5 மடங்கைத் தொட வேண்டும், அல்லது சிறுநீர் கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி.க்குக் கீழே 6 மணி நேரம் போக வேண்டும். அடிப்படை அளவு என்ன, எந்தத் தேதியில் எடுத்தது என்று குவெரியிலேயே எழுதுங்கள். அது இல்லாத குவெரிக்கு நெஃப்ராலஜி டாக்டர் பதில் போட மாட்டார். அவர் செய்வது நியாயமும்கூட.

இரவுப்பணி:

மிக்க நன்றி. அனுபவம் இல்லாமல் உள்ளே நுழைவது எப்படி? சான்றிதழ் முதலில் எடுக்கலாமா?

நாடிக்குறிப்பு:

ஏசிடிஐஎஸ் தரும் சிசிடிஎஸ் சான்றிதழின் தேர்வுக்கு சிடிஐ வேலையில் 2 வருட அனுபவம் வேண்டும், ஆகவே இப்போது அது உங்களுக்கு இல்லை. அதே ஏசிடிஐஎஸ் தரும் அப்ரென்டிஸ் நிலைச் சான்றுக்கு வேலை அனுபவம் வேண்டாம். அஹிமா நடத்துவது சிடிஐபி என்ற வேறொரு சான்றிதழ். ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் ஐசிடி-10-சிஎம் அதிகாரபூர்வ வழிகாட்டியை இறக்கிப் படியுங்கள். மெடிகேரை நடத்தும் சிஎம்எஸ் தளத்தில் இலவசம். ஒவ்வொரு அக்டோபர் 1-லும் புது ஆண்டுப் பதிப்பு அமலாகும், பழையதைப் படித்து ஏமாந்துவிடாதீர்கள். முதல் பகுதியில் பொது விதிகள், பிறகு இரண்டாம், மூன்றாம் பகுதிகள். பிரின்சிபல், செகண்டரி எல்லாம் அங்கேதான்.

நுழைய எளிய வழி உங்கள் மருத்துவமனையிலேயே இருக்கிறது. வெளி விளம்பரத்தில் கேட்கும் 2 வருடத்தை உள் ஆட்களுக்குத் தளர்த்துவது உண்டு. சிடிஐ மேலாளரிடம் ஒரு நாள் உடனிருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். அது நடக்காவிட்டால் யூட்டிலைசேஷன் ரிவ்யூ, கேஸ் மேனேஜ்மென்ட், குவாலிட்டி ஆப்ஸ்ட்ராக்ஷன் ஆகிய மூன்றும் பக்கத்துக் கதவுகள்.

ரெஸ்யூமேயில் "நோயாளிகளைப் பராமரித்தேன்" என்று எழுதி இடத்தை வீணாக்க வேண்டாம். செப்சிஸ் பண்டில் சார்ட் ஆடிட், புண் ஸ்டேஜிங், வென்டிலேட்டர் நோயாளிகள், புது நர்ஸுக்கு ப்ரிசெப்டர், எந்தச் சார்ட் மென்பொருள் என்று எழுதுங்கள். நேர்காணலில் ஒரு சார்ட்டைக் கொடுத்து "இதில் என்ன கேட்பீர்கள்" என்பார்கள். எத்தனை குவெரி கண்டுபிடித்தீர்கள் என்று எண்ணுவதைவிட, எதைக் கேட்காமல் விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று விளக்கத் தயாராகுங்கள்.

சம்பளத்தை ஆண்டுக் கணக்கில் ஒப்பிடுங்கள். மணி விகிதம் ஒன்றாகவே இருந்தாலும் இரவு, வாரக்கடைசி அலவன்ஸும் ஓவர்டைமும் போய்விடும். முதல் நாளிலிருந்தே வீட்டிலிருந்து வேலை என்ற எதிர்பார்ப்பும் வேண்டாம். பயிற்சிக் காலம் பெரும்பாலும் மருத்துவமனையில்தான்; சொந்தக் காலில் நிற்க மூன்று முதல் ஆறு மாதம் ஆகும்.

சார்ட்வாசகர்:

ஒன்று விட்டுப்போனது. எழுதாததை எழுத வைப்பதோடு வேலை முடிவதில்லை. எழுதியதற்குச் சான்று இல்லையென்றாலும் கேட்க வேண்டும். இதற்குக் கிளினிக்கல் வேலிடேஷன் என்று பெயர். அப்படிக் கேட்டதால் டிஆர்ஜி இறங்கினாலும் கேட்டே ஆக வேண்டும்.

சிவியர் மால்நியூட்ரிஷன் (கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு) எம்சிசி. 2020 ஜூலையில் அமெரிக்கச் சுகாதாரத் துறையின் ஓஐஜி (தணிக்கை அலுவலகம்) வெளியிட்ட அறிக்கையில், ஆராய்ந்த 200 கிளெய்ம்களில் 173 தவறாக பில் செய்யப்பட்டிருந்தன. டயட்டீஷியன் நோட்டில் எடை இழப்பு எத்தனை சதவீதம், எத்தனை மாதத்தில், தசை இழப்பு எந்த இடத்தில் என்று பாருங்கள். பிறகு டாக்டர் அந்த நோயைத் தன் நோட்டில் எழுதி, அதற்குத் திட்டமும் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் மட்டும் ஒரே ஒரு முறை தலைகாட்டும் நோயைத்தான் இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் தூக்குவார்கள்.

செப்சிஸிலும் அப்படியே. உங்கள் மருத்துவமனை காய்ச்சல், நாடித்துடிப்பு போன்ற குறிகளைப் பார்க்கும் பழைய எஸ்ஐஆர்எஸ் அளவுகோலை வைத்திருக்கும். பணம் தருபவர் 2016-இல் வந்த செப்சிஸ்-3 அளவுகோலை, அதாவது சோஃபா (உறுப்புகளின் பாதிப்பை அளக்கும் மதிப்பெண்) 2 புள்ளி உயர்வை, வைத்து மறுப்பார். வேலைக்குச் சேர்ந்ததும் எந்த வரையறையை மருத்துவர் குழு ஏற்றிருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.