டெர்மினேட்டர்: முடிப்பானா, அடைப்பானா, ஈற்றுத்தடையமா?

வணக்கம்.

10பேஸ்2 (கணினிகளை ஒரே கோஆக்சியல் கேபிளில் வரிசையாக இணைக்கும் பழைய ஈதர்நெட் வகை) பழுதுநீக்கக் கையேட்டில், அந்தக் கேபிளின் இரு ஈறுகளிலும் மாட்டும் குமிழான டெர்மினேட்டருக்கு ‘முடிப்பான்’, ‘முனையடைப்பான்’ என இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. இரண்டும் வேண்டாம். ‘அடைப்பான்’ என்று படிப்பவர், கேபிளைக் கணினியோடு சேர்க்கும் கடைசி டி வடிவ இணைப்பியின் வாயை வெறும் மூடியால் மூடிவிட்டுப் போய்விடுவார். ஒரு கணினி அல்ல, அந்தக் கேபிள்தொடர் முழுவதும் படுத்துவிடும்.

10பேஸ்2-வுக்கான ஆர்ஜி-58 கேபிளின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) 50 ஓம். இரு ஈறுகளிலும் அதே 50 ஓம் தடை இருந்தால்தான் சமிக்ஞை அங்கேயே வெப்பமாகக் கரையும். இல்லாவிட்டால் திரும்பி ஓடிவரும். கணினிகளின் பிணைய அட்டைகள் அதை, இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் அனுப்பியதால் வந்த மோதலென்று எண்ணிப் பலமுறை மறுபடி அனுப்பும். ஆக, அந்தக் குமிழின் வேலை மூடுவதல்ல, வாங்கிக்கொள்வது.

என் பரிந்துரை ‘ஈற்றுத்தடையம்’. மின்தடையம் பாடநூலில் பழகிய சொல். கேட்டதும் ‘எத்தனை ஓம்?’ என்ற கேள்வி வரும், வர வேண்டும். ஆர்க்நெட் என்ற பழைய பிணையத்தின் 93 ஓம், வீடியோ கேபிளின் 75 ஓம் எல்லாம் வெளியே பார்க்க ஒரே பிஎன்சி (திருகிப் பூட்டும் கோஆக்சியல் இணைப்பி) குமிழ்தான்.

கையேட்டில் வைத்துப் பாருங்கள்: “கணினிகளை அணைக்கவும். ஒரு டி இணைப்பியை அட்டையிலிருந்து மட்டும் கழற்றி, நடு ஊசிக்கும் வெளிவளையத்துக்கும் இடையே அளக்கவும். 25 ஓமுக்குச் சற்று மேல் காட்டினால் இரண்டு ஈற்றுத்தடையங்களும் உள்ளன. 50 காட்டினால் ஒன்று இல்லை, அல்லது கேபிள் எங்கோ அறுந்திருக்கிறது. சுழியத்தை ஒட்டினால் உள்கம்பி வலைக்கவசத்தைத் தொடுகிறது. பிஎன்சி முனைகளை முதலில் பாருங்கள். அறுந்த இடம் தெரியாவிட்டால் நடுவிலுள்ள டி இணைப்பியில் ஒரு ஈற்றுத்தடையத்தை மாட்டித் தொடரைப் பாதியாக்கிச் சோதிக்கவும்.”

> என் பரிந்துரை ‘ஈற்றுத்தடையம்’.

உங்கள் கடிதம் கண்டேன். கோஆக்சியலுக்கு ஏற்கிறேன். தொழிற்சாலைக் கருவிகளை இணைக்கும் ஆர்எஸ்-485 கம்பியின் 120 ஓமுக்கும் பொருந்தும். வன்தட்டு போன்றவற்றைக் கணினியோடு இணைக்கும் பழைய ஸ்கசி முறையில் இடிக்கிறது: அங்கே ஆக்டிவ் வகையில் 110 ஓம் தடையங்களோடு 2.85 வோல்ட் மின்னழுத்தச் சீராக்கியும் உண்டு. அதைத் தடையம் என்றால் பிழை. நீங்களே ‘வாங்கிக்கொள்வது’ என்றீர்களே, பொதுப்பெயராக ‘ஈற்றேற்பி’ இருக்கட்டுமே?

> பொதுப்பெயராக ‘ஈற்றேற்பி’

சரிங்க, அதுவே நல்லது. ஈற்றேற்பி பொதுப்பெயர், ஈற்றுத்தடையம் அதில் ஒரு வகை. இன்றைய ஈதர்நெட் கேபிளில் ஆர்ஜே-45 முனை கட்டுவதையும் ஆங்கிலத்தில் ‘டெர்மினேட்’ என்ற இதே சொல்லால்தான் சொல்கிறார்கள். அங்கே ஏற்பி ஏதும் இல்லை. அதற்கு ‘முனை கட்டுதல்’ என்றே எழுதிவிடுகிறேன்.